மலைவீதி வளைவுகளுக்கு இலக்கம் இடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையகத்தின் வீதி விபத்துகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்தேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் சாரதிகளின் வேகத்தையும், பஸ்களின் போட்டியையும், பொலிஸாரின் கண்காணிப்புப் போதாமையையும் எடுத்துக் காட்டியிருந்தார்கள். அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் மலையில் ஓடும் வாகனத்துக்குச் சமவெளியில் ஓடும் வாகனத்துக்கு இல்லாத சில தேவைகள் உண்டு என்பதை எவரும் தொடவில்லை. நம்முடையதைப் போலவே தேயிலை மலைகளுக்கூடாகச் செல்லும் அயல்நாடான இந்தியாவின் நீலகிரி வீதிகளில் அந்தத் தேவைகள் எவ்வாறு கவனிக்கப்படுகின்றன என்பதைச் சென்ற ஆண்டு நேரில் பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கொட்டகலைப் பகுதியில் பிறந்து, அங்கேயே கற்பித்து, அங்கேயே இன்றும் ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டிருப்பவன். என் தந்தையார் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமையற்றிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் (அறைகளில்) இருந்த என் தந்தையாரும் அவருடைய தம்பியும் வெவ்வேறு பங்கில் விழுந்தார்கள். சித்தப்பா எழுபதுகளில் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, பல ஊர் அலைந்து, முடிவில் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில் குடியேறினார். அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, அங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். அவருடைய மகளின் திருமணத்துக்காக 2025 மே மாதம் நான் அங்கே சென்றிருந்தபோது பத்து நாட்கள் அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து மலையேறி இறங்கினேன். அந்நாட்டில் நான் வாகனம் ஓட்டவில்லை; ஓட்டாமல் அமர்ந்திருந்ததனால்தான் இவ்வளவையும் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிட வேண்டும். இரு நாடுகளிலும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்கின்றன. பிரித்தானியர் விட்டுச் சென்ற வழக்கம் அது. நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். இந்தியாவின் இன்றைய சட்டம் 1988ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. வீதிகளின் அமைப்பும் ஒன்றே. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் மலையிலிருந்து இறக்குவதற்காக வெட்டப்பட்ட பாதைகள், மாட்டு வண்டி ஏறக்கூடிய சரிவுக்கு ஏற்ப வளைந்து வளைந்து செல்கின்றன. ஹட்டனிலிருந்து வட்டவளைப் பக்கமாக இறங்கும் ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய்க் குன்னூர் மலைப்பாதையில் விட்டால், பெயர்ப்பலகைகளைப் படிக்கும்வரை அவர் வேறு நாட்டில் இருப்பதை அறியமாட்டார். படித்த பிறகுகூட, நாம் வீதி என்பதை அவர்கள் சாலை என்றும், சாரதி என்பதை ஓட்டுநர் என்றும், லொறியை லாரி என்றும் எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தவிர மொழி நமதே.

ஆனால் சென்ற முதல் நாளிலேயே ஒரு வேறுபாடு என் கண்ணில் பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை. அதில் அந்த வளைவின் இலக்கமும் மொத்த வளைவுகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளும் அவ்வாறே எண்ணப்பட்டவை. சுற்றுலாப் பயணிகள் அந்தப் பலகைகளின் அருகே நின்று படம் எடுப்பதைப் பார்த்தபோது, இதுவும் அங்கே வருவோருக்கு ஒரு வேடிக்கை போலும் என்றே முதலில் எண்ணினேன். அந்த எண்ணம் மே 11ஆம் திகதி மாறியது.

அன்று அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் ஒன்று கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. 23 உயிர்கள் போயின. வீட்டிலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தபோது நாங்கள் காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். செய்தியைக் கேட்ட என் தம்பி முதலில் கேட்ட கேள்வி, “எத்தனையாவது வளைவு, அண்ணே?” என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. இறம்பொடைக்கு அப்பால், நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். அந்தப் பாதையில் என் வாழ்நாளில் எத்தனையோ தடவை சென்றிருக்கிறேன். ஆயினும் அதன் எந்த வளைவையும் எண்ணால் குறிப்பிட எனக்குத் தெரியாது, தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

இது ஏன் முக்கியம் என்பதைத் தம்பியே விளக்கினார். அங்கே விபத்து நடந்தால் 108 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, இன்ன பாதையில் இத்தனையாவது வளைவு என்று சொன்னால் போதும். வெளியூர்க்காரருக்கும் அது இயலும். ஊர்ப்பெயரோ தோட்டப்பெயரோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டில் இந்திய உதவியோடு தொடங்கப்பட்ட, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று மலையகத்தில் எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. அதன் ஊழியர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அழைப்பவர் எதைச் சொல்வார்? நாம் பழைய மைல்கற்களை வைத்துப் “பதின்மூன்றாம் கட்டை”, “இருபத்துநாலாம் கட்டை” என்று இடங்களுக்குப் பெயரிட்டுப் பழகியவர்கள். அந்தக் கட்டைகள் பல இடங்களில் மறைந்து, கிலோமீற்றர் கற்கள் வந்துவிட்டன. மக்களின் வாயில் இன்னும் மைல் கணக்கே இருக்கிறது. பனிமூட்டத்தில், இருட்டில், புல் மூடிய கிலோமீற்றர் கல்லை எவர் தேடிப் பார்ப்பார்? பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதைக்குள் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. “பெரிய மரத்துக்குக் கீழே”, “முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில்” என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. முனியாண்டி கல் நம் தோட்டங்களில் எத்தனை வளைவுகளில் இருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

வளைவுகளை எண்ணும் வழக்கம் நமக்கு அந்நியமானது என்றும் சொல்ல முடியாது. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் வீதியின் ஒரு பகுதி “பதினெட்டு வளைவு” என்றே பெயர் பெற்றது. சிங்களத்திலும் தமிழிலும் அந்த எண்ணே அதன் பெயர். அங்கே இயன்றது அவிசாவளை–ஹட்டன்–நுவரெலியா வீதியிலும், பேராதனை–நுவரெலியா–பதுளை வீதியிலும் ஏன் இயலாது என்பதே என் கேள்வி.

அடுத்தது, ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் இடையிலான உரிமை. கோத்தகிரிக்கு அப்பால் ஓர் ஒடுங்கிய பாதையில் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழே இரண்டு வளைவுகளுக்கு அப்பால் ஒரு சிறிய பஸ் ஏறி வருவது தெரிந்தது. தம்பி அந்த இடத்திலேயே, பாதை சற்று அகன்றிருந்த ஓரத்தில், காரை நிறுத்திவிட்டார். பஸ் எங்களை அடைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். “ஏறி வர்றவனுக்குத்தான் வழி. அவன் நின்னுட்டா மறுபடி எடுக்கிறது கஷ்டம்,” என்றார். பஸ் ஓட்டுநர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சென்றார். அது அவர்களுடைய நல்ல பழக்கம் மட்டுமன்று; எழுதப்பட்ட விதி. 2017ஆம் ஆண்டில் புதிய விதிமுறைகள் வரும்வரை நடைமுறையில் இருந்த இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளில், மலைப்பாதைகளிலும் செங்குத்தான பாதைகளிலும், இரு வாகனங்கள் ஆபத்தின்றி விலகிச் செல்ல அகலம் போதாத இடத்தில், இறங்கும் வாகனத்தின் ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி, ஏறும் வாகனத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது.

இதன் காரணம் வாகனம் ஓட்டுபவர் எவருக்கும் விளங்கும். சரிவில் ஏறும் பாரவண்டி ஒருமுறை நின்றுவிட்டால், மீண்டும் புறப்படும்போது கிளச்சும் கைபிரேக்கும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். சற்றுப் பிசகினால் வண்டி பின்னால் உருளும். பின்னால் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ ஒட்டி நின்றால் என்ன ஆகும்? என் தந்தையார் காலத்தில் கொழுந்து லொறியில் ஏறும் உதவியாளரின் முதல் வேலை, லொறி ஏற்றத்தில் நின்றவுடன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான். அதற்கென்றே ஒரு கல் லொறியிலேயே கிடக்கும்.

நம் நாட்டுச் சாரதிகளுக்கும் இந்த வழக்கம் தெரியாததன்று. மூத்த சாரதிகள் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள்; பழகுநர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் மலைகளில் வேறொரு வழக்கம் இதன் இடத்தைப் பிடித்துவிட்டது. எவருடைய வாகனம் பெரிதோ அவருக்கு வழி; இரண்டும் சமமாக இருந்தால், எவர் முதலில் முன்விளக்கை அடித்துக் காட்டுகிறாரோ அவருக்கு வழி. விளக்கை அடிப்பதன் பொருள் “நீங்கள் வாருங்கள்” என்பதா, “நான் வருகிறேன், நில்லுங்கள்” என்பதா என்று கேட்டால் நம்மவர் அனைவரும் இரண்டாவதையே சொல்வார்கள். இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் இருவருமே வருகிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு அருகே, சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறங்கிவந்த ஒரு வான், நிறைபாரத்தோடு ஏறிய கொழுந்து லொறியை இவ்வாறே விளக்கடித்து வளைவின் நடுவில் நிறுத்திவிட்டது. லொறி இரண்டு அடி பின்னால் உருண்டு, வடிகாலின் விளிம்பில் நின்றது. வானின் சாரதி இளைஞர், கெட்டவராகத் தெரியவில்லை. மலையில் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்று தமக்கு எவரும் சொன்னதில்லை என்றார். நான் அதை நம்புகிறேன். சமவெளி நகரத்து வீதிகளில் பழகி, அங்கேயே பரீட்சை எழுதி, அங்கேயே ஓட்டிக் காட்டி அனுமதிப்பத்திரம் பெறும் ஒருவர், செங்குத்தான சரிவு ஒன்றைக் காணாமலே முழுச் சாரதியாகிவிட முடிகிறது.

2025 நவம்பரில் டித்வா புயலின் மழையால் மண்சரிந்த பின்னர் இந்த விடயம் இன்னும் அவசரமாகிவிட்டது. பல இடங்களில் வீதியின் ஒரு பக்கம் இடிந்து, ஒரு வாகனம் மட்டுமே செல்லக்கூடிய அகலமே எஞ்சியது. அத்தகைய இடங்களில் கொடி பிடித்து நிற்க ஓர் ஆள் இருந்தால் ஒழுங்கு இருக்கும்; அவர் மாலையில் வீட்டுக்குப் போனபின் விளக்கடிக்கும் போட்டியே ஒழுங்காகிறது. “ஏறும் வாகனத்துக்கு வழிவிடுக” என்ற ஒரு வரியை மூன்று மொழிகளிலும் எழுதி இரு பக்கமும் நட்டுவைக்க எவ்வளவு செலவாகும்?

மூன்று மொழிகளிலும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊருக்கு அண்மையில் ஓர் இறக்கத்தின் தலைப்பில் ஓர் எச்சரிக்கைப் பலகை நெடுநாள் இருந்தது. அது சிங்களத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பாதையில் நாள்தோறும் செல்லும் ஓட்டோச் சாரதிகளிற் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். இறக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் இருப்பதில்லை. நீலகிரியில் தமிழும் ஆங்கிலமும் உள்ளன. எனினும் அங்கே கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருவோர் ஏராளம் என்பதால், படம் வரைந்த பலகைகளைத்தான் அதிகம் நம்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நாமும் அதைப் பின்பற்றலாம்.

இறங்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். “எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு” என்பது என் தந்தையார் ஓயாமல் சொன்ன வாக்கு. கோத்தகிரியில் அதே வாக்கைத் தம்பியின் வாயிலும் கேட்டபோது, சித்தப்பா அதைக் கப்பலில் கொண்டுபோயிருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அங்கே அந்த அறிவுரை வீட்டோடு நிற்கவில்லை. இறக்கம் தொடங்குமிடத்தில், முதலாம் அல்லது இரண்டாம் கியரிலேயே இறங்குமாறு வெளியூர் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் பலகைகளை நான் கண்டேன். காரணம் எளியது. உயர்ந்த கியரில், பிரேக்கை மிதித்தபடியே பத்துப் பதினைந்து கிலோமீற்றர் இறங்கினால், பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடியை இழக்கின்றன; சூடு மிகுந்தால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குச் சென்று சேராது. காற்றுப் பிரேக் உள்ள பெரிய பஸ்களில், திரும்பத் திரும்ப மிதிப்பதால் தொட்டியில் உள்ள காற்று தீர்ந்துவிடவும் கூடும். தாழ்ந்த கியரில் இறங்கினால் வண்டியை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன், அதுவும் பயணிகள் நிறைந்த வாகனத்தில்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவின் ரதெல்லைக் குறுக்குப் பாதையில், சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களை ஏற்றிச் சென்ற பஸ், வான் ஒன்றோடும் ஓட்டோ ஒன்றோடும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்ததை நம் பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர். எந்த விபத்துக்கு எது காரணம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் இவை இரண்டிலும் வெளியூரிலிருந்து மலையைப் பார்க்க வந்தவர்கள் இறங்கும் வழியில் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ரதெல்லைப் பாதையில் கனரக வாகனங்களுக்குத் தடை உண்டு. தடையைத் தெரிந்திருக்க வேண்டியவர் வெளியூர்ச் சாரதி. அவர் தெரிந்துகொள்வது எவ்வாறு என்பதுதான் எப்போதும் சிக்கலாக இருக்கிறது.

நீலகிரியில் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாளுகிறார்கள். கல்லட்டிப் பாதையில் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் வாகனம் எது என்பதைப் பதிவெண்ணின் தொடக்கமே காட்டிக்கொடுத்துவிடும்; டிஎன் 43 என்றால் அது நீலகிரி வண்டி. கோடைக் காலத்தில் கூட்டம் மிகும்போது, ஊட்டிக்குச் செல்வோர் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்கி விடுகிறார்கள். எதிரே எவரும் வராத மலைப்பாதையில் ஏறுவது எத்தகைய நிம்மதி என்பதை நானே அனுபவித்தேன். 2024 மே 7ஆம் திகதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் இணையவழி அனுமதி பெற வேண்டும். நான் சென்ற 2025ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்திருந்தார்கள். கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் இதைப் பற்றிக் கசப்போடு பேசினார்கள். தம்பிக்கும் சவாரி குறைந்ததில் வருத்தம்தான்.

இந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலத்தை நம்பிப் பிழைக்கும் மரக்கறிக் கடைகளும், ஸ்ட்ரோபெரி விற்கும் பிள்ளைகளும், குதிரைக்காரர்களும் இருக்கிறார்கள். வாகனங்களை எண்ணி உள்ளேவிட்டால் முதலில் அடிபடுவது அவர்கள் வயிறுதான். ஆனால் ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி ஒன்று என்பதைச் சிந்திக்கலாம். நமக்கும் நுவரெலியாவுக்கு ஹட்டன் வழி ஒன்றும் கண்டி–இறம்பொடை வழி ஒன்றும் இருக்கின்றன. ஊரவரின் வாகனங்களையும், பயணிகள் பஸ்களையும், மரக்கறி லொறிகளையும் விலக்கிவிட்டு, வசந்தகால வார இறுதி நாட்களில் மட்டும் சுற்றுலா வாகனங்களுக்கு இதைச் செய்துபார்ப்பதில் எவருக்கும் நட்டம் இருக்காது. ஊரவர் எவர் என்று கண்டறிவது மட்டும் நமக்குக் கடினம். முன்பு இலக்கத் தகட்டில் மாகாண எழுத்து இருந்தது, புதிய தகடுகளில் அதுவும் இல்லை.

அயல்நாட்டைப் புகழ்வதற்காக நான் எழுதுகிறேன் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அங்கே பார்த்து மனம் பதறியவையும் உண்டு. கோயம்புத்தூரில் கோடு போட்ட பாதசாரிக் கடவையில், நம் ஊர்ப் பழக்கத்தில் காலை வைத்துவிட்டேன். எந்த வாகனமும் நிற்கவில்லை, நிற்கும் எண்ணமும் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. தம்பி கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் திருமணம் துக்க வீடாகியிருக்கும். ஹட்டன் நகரில் ஒரு பாட்டி கொழுந்துக் கூடையோடு கடவையில் இறங்கினால் பஸ்கூட நிற்கும். இலங்கைக்கு வரும் இந்தியர்கள் வியந்து பேசும் விடயங்களில் இது ஒன்று என்று பின்னர் அறிந்தேன். தலைக்கவசமும் அவ்வாறே. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தலைக்கவசம் அணியாதவருக்கு 1,000 ரூபா, அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுபவருக்கு 5,000 ரூபா, மது அருந்தி ஓட்டுபவருக்கு 10,000 ரூபா என்று தண்டத்தை உயர்த்தியிருக்கிறார்கள். ஆயினும் பின்னால் அமர்ந்து செல்வோர் வெறுந்தலையோடு போவதையே மிகுதியாகக் கண்டேன். இங்கே தலைக்கவசமின்றி ஒருவர் சந்திவரை போனாலும் ஊரே பார்க்கும். ஒலியெழுப்பும் கருவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளைவில் ஒலியெழுப்புவது தேவை. நேர்ப்பாதையில், மருத்துவமனை வாசலில், ஒன்றுமில்லாத வெளியில் எழுப்புவது எதற்கு என்று கேட்டபோது தம்பி, “பழகிப் போச்சு அண்ணே,” என்றார்.

சைகைகளில் இரு நாட்டு வழக்கங்களும் வேறுபடுகின்றன. நம்மிடம் முன்னால் செல்லும் லொறி இடப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டால், “எதிரே எவரும் இல்லை, என்னைக் கடந்து போ” என்று பொருள். நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம்தான். ஆனால் அதே விளக்கு, இடப்பக்கத் தோட்டப் பாதைக்குள் திரும்பப் போகிறேன் என்பதற்கும், ஓரமாக நிறுத்தப் போகிறேன் என்பதற்கும் உரியது. நீலகிரியில் லாரியின் கிளீனர் கையை வெளியே நீட்டி வாருங்கள் என்று ஆட்டுகிறார். கையை வேறெதுவாகவும் தவறாக எண்ண முடியாது. பனிமூட்டத்தில் நம்மவர் நான்கு சமிக்ஞை விளக்குகளையும் மின்னவிட்டபடி ஓட்டுவதும் இவ்வாறானதே. அதனால் அந்த வாகனம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது எவருக்கும் தெரியாமல் போகிறது. முன்விளக்கைத் தாழ்த்தி எரியவிட்டாலே போதும். உயர்த்தினால் பனி அந்த ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். எதிரே பொலிஸார் நிற்கிறார்கள் என்று விளக்கடித்து எச்சரிக்கும் வழக்கம் மட்டும் இரு நாட்டிலும் ஒரே பொருளில், ஒரே ஒற்றுமையோடு நடைபெறுகிறது.

வேக வரம்பைப் பற்றி ஒரு சொல். நமது சட்டப்படி ஊர்ப்புறத்துக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50, ஓட்டோவுக்கு 40. வட்டவளை வளைவுகளில் 70இல் செல்ல நினைப்பவர் வீடு சேரமாட்டார். அங்கே சட்டம் அனுமதிக்கும் எண்ணுக்கும் வளைவு அனுமதிக்கும் எண்ணுக்கும் தொடர்பே இல்லை. நீலகிரியில் வளைவுக்கு முன்னால் 20 என்றும் 30 என்றும் எழுதியிருக்கிறார்கள். நமது பிரதான வீதிகளில் சில இடங்களில் அத்தகைய பலகைகள் உள்ளன. பல இடங்களில் இல்லை.

ஆகவே வீதி அபிவிருத்தி அதிகார சபையையும், மாகாண வீதிகளுக்குப் பொறுப்பானவர்களையும், பெருந்தோட்டப் பாதைகளைப் பராமரிப்போரையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்பது இதுவே. கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஆபத்தான வளைவுகளுக்கும் இலக்கமிட்டு, இருளில் ஒளிரும் பலகைகளை நடுங்கள். இலக்கங்களின் பட்டியலை 1990 சேவைக்கும் அந்தந்தப் பொலிஸ் நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுத்துவையுங்கள். ஒடுங்கிய இடங்களிலும் மண்சரிந்த இடங்களிலும் ஏறும் வாகனத்துக்கே முதலிடம் என்று எழுதிவையுங்கள். நீண்ட இறக்கங்களின் தலைப்பில் தாழ்ந்த கியரைக் காட்டும் படத்தை வையுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பயணிகளை ஏற்றும் சாரதிகளுக்கு மலையில் ஓர் இறக்கத்தையும் ஓர் ஏற்றத்தையும் ஓட்டிக்காட்டும் பரீட்சையை வைக்குமானால் மிக நன்று. அதற்குக் காலம் எடுக்கும் என்பதை அறிவேன். பலகை நடுவதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய பிறகு, எங்கள் சந்தியில் நிற்கும் ஓட்டோச் சாரதிகள் சிலருடன் சேர்ந்து, எங்கள் பகுதியிலிருந்து பிரதான வீதிவரை உள்ள வளைவுகளை எண்ணி ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு வளைவுக்கும் எதிரே ஊரவர் அதை அழைக்கும் பெயர், அண்மையில் உள்ள லயம் அல்லது கோயில், எந்தப் பக்கம் பள்ளம், எந்த மாதங்களில் பனி இறங்கும், அம்புலன்ஸ் திரும்ப இடம் உண்டா என்ற விவரங்களும் அதில் உள்ளன. சில வளைவுகளுக்கு இரண்டு பெயர் இருந்ததால் இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் வாக்குவாதம் ஏற்பட்டு, இரண்டையும் எழுதவேண்டியதாயிற்று. பொறுப்பான அதிகாரி எவரேனும் தங்கள் அலுவலகம் மூலம் கேட்டால், அந்தப் புத்தகத்தின் பிரதியை அனுப்பிவைக்கக் காத்திருக்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொட்டகலை.